கயிற்றில் ஏறிய வெற்றிலை

தொண்ணூறாம் ஆண்டுத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கோடையில் ரங்கூனின் லான்மடாவ் தெருக்களில் என்னைப்போல ஓட்டுக் கேட்டு அலைந்தவள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ஓட்டு இருந்தது. சிரிக்கலாம்.

நான் பிறந்தது ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில். அப்பாவுக்கு அங்கே சந்தையில் காய்கறி வியாபாரம். பிறந்த மண் இது, குடித்த தண்ணீர் இது, ஆனால் கையில் இருந்ததோ வெளிநாட்டவர் அட்டை. அப்பா சரியான காலத்தில் சரியான காகிதத்தை எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். ஆனால் அந்தக் குடும்பம் காகித விஷயத்தில் கெட்டி. எனவே அவர் குடிமகன், நான் அயலாள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று பேர், ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டும் எங்கே போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஊரே பெரிய கட்சியின் பின்னால் இருந்தது, அவர் ஊருக்கும் முன்னால் இருந்தார். இரும்புக் கடையில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற வேலை அவருக்கு. கடை விட்டதும் கைத்தறிச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போய்விடுவார். இது எண்பத்தெட்டில், ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊரே தெருவில் இறங்கிய வருடத்தில் தொடங்கியது. அப்போது ஊர்வலத்தில் நடந்து சூலே பகோடா வரை போனவர், அன்று சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒற்றைச் செருப்பைக் கடைசிவரை தூக்கிப் போடவிடவில்லை.

எனக்கும் அந்தக் கட்சிமேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் என் அட்டையைப் பற்றிக் கேட்டால், "முதல்ல நாடு நேராகட்டும், அப்புறம் உன் அட்ட தன்னால வரும்" என்பார் வீட்டுக்காரர். தன்னால் வருவது வயசு ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு பர்மியப் பெண்மணி இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து எண்பத்தெட்டில் வேலையை விட்டவர். ஆசிரியையைப் பர்மியத்தில் ஸயாமா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். தன் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு, அட்டை இல்லாதவர்களுக்கும் என்னைப்போல் தப்பான அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பார். குடிமகனைக் கட்டியவள் என்பதால் எனக்கு ஒரு வழி இருக்கிறது என்று சட்டப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டியவர் அவர்தான். தேர்தல் அறிவித்ததும், எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நிற்கப்போவதாகச் சொன்னார். "கட்சிக்காரங்க நாட்டைப் பாத்துப்பாங்க. நான் இந்த மேசைக்கு வர்றவங்களைப் பாத்துக்கறேன்" என்று பர்மியத்தில் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அன்றே அவரோடு சேர்ந்துகொண்டேன்.

அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. என் வீட்டுக்காரருக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை.

"நான் சீப்புக்கு ஓட்டுப் போட்டா ஊரே சிரிக்கும்" என்றார்.

"இல்லாதவங்களுக்குத்தான் அதோட அரும தெரியும்" என்றேன்.

"தனிமரம் தோப்பாகாது, தெரிஞ்சுக்க."

"எலி வளையானாலும் தனி வளை வேணும், நீங்க தெரிஞ்சுக்குங்க."

இப்படித்தான் எங்கள் வீட்டில் பிரசாரம் நடந்தது. மகள் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துவிட்டு, பர்மியத்தில் "பசிக்குது" என்பாள்.

கூட்டம் போட அனுமதி வாங்க வேண்டும், ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே யாராவது எட்டிப் பார்க்கும் காலம். ஆகவே வீடு வீடாகப் போக முடிவு செய்தோம். ஸயாமாவும் நானும் இன்னும் இரண்டு பெண்களும். வெறுங்கையோடு எப்படிப் போவது? அங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். தாம்பூலம் கொடுப்போம் என்றேன். கல்யாணம் பேசினால் நாங்கள் கையெழுத்தா வாங்குகிறோம்? வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறோம். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துவிட்டால் வார்த்தை கொடுத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு மாறுகிறவன் மனுஷனே இல்லை. மற்ற கட்சிகள் காகிதம் கொடுக்கட்டும், நாம் வார்த்தையை வாங்குவோம் என்று நான் விளக்கியபோது ஸயாமா கொஞ்சம் யோசித்தார். "வெத்தல கொடுக்கறது நல்லதுதான்" என்றார். அவர் எதற்குத் தலையாட்டினார், நான் எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்பதைப் பிறகு பாருங்கள்.

முதல் தட்டை நான் என் வீட்டிலேயே நீட்டினேன். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். விளையாட்டுப்போலத் தெரிந்தாலும் அதில் விளையாட்டு இல்லை. ஊர் முழுக்க ஓட்டு வாங்கினாலும் என் வீட்டு ஓட்டு கிடைக்காவிட்டால் எனக்கு என்ன மரியாதை? எனக்கென்று ஒரு வாய் இருக்கிறது என்பதை அந்த மனுஷர் ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

அவர் தட்டைப் பார்த்தார். கை வரவில்லை.

"நான் ஏற்கெனவே ஒருத்தர் கையில வாங்கிட்டேன்" என்றார்.

அப்போதுதான் எண்பத்தெட்டின் கதையைச் சொன்னார். ஊர்வலத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பர்மியர் நடந்து வந்திருக்கிறார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நடுவழியில் அந்த மனிதர் மடியிலிருந்து குன்யா எடுத்திருக்கிறார், சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலை. ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு ஒன்றை இவருக்குக் கொடுத்தாராம். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, எல்லோரும் ஓடினார்கள். இவர் ஒற்றைச் செருப்போடு வந்துவிட்டார். அந்த மனிதர் விழுந்த இடத்திலிருந்து எழவில்லை.

"அவர் நடந்தது இந்த ஆட்சி போகணும்னு. அதுக்காக நிக்கிறது இந்தக் கட்சிதான். வாங்கிட்டு மாற முடியாது."

நான் தட்டைக் கீழே வைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, பொய் சொல்வானேன். செத்துப்போன ஆளுக்குக் கொடுத்த வார்த்தை பெரிது, எதிரே நிற்கிற பெண்டாட்டி ஒன்றுமில்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினேன்.

தெருவிலோ எங்களுக்கு அமோக வரவேற்பு. ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் கீழே இறங்கி வரச் சோம்பல்பட்டு, சன்னலிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கயிற்றின் நுனியில் ஒரு கிளிப் இருக்கும், மேல்முனையில் ஒரு மணி. பேப்பர்காரன் பேப்பரை மாட்டிவிட்டு மணியை ஆட்டினால் கயிறு மேலே போய்விடும். அந்தக் கிளிப்பில் நான் வெற்றிலைப் பொட்டலத்தை மாட்டினேன், கூடவே சீப்புப் படம் போட்ட ஒரு துண்டுக் காகிதமும். மணியை ஆட்டினேன். ஒவ்வொரு கயிறாக விறுவிறுவென்று ஏறியது. நாலாவது மாடி, ஐந்தாவது மாடி, ஏறாத கயிறே இல்லை. ஒரு கயிறு ஏறினால் ஒரு வீட்டு வார்த்தை என்று கணக்கு. வீட்டுக்கு ஒரு கொட்டைப்பாக்கு வீதம் ஒரு பால் டின்னில் போட்டுக்கொண்டே வந்தேன். சிலர் சன்னலிலிருந்து தலையை நீட்டி, "சுண்ணாம்பு கம்மி" என்று குறை சொன்னார்கள். ஒருவர் புகையிலை இல்லையா என்று கேட்டார். உரிமையோடு கேட்கிறார்களே என்று எனக்குப் பூரிப்பு.

தமிழர் வீடுகளில்தான் தலைகீழ். உட்கார வைப்பார்கள், டீ கொடுப்பார்கள், மாவ்பியில் அம்மா சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். தட்டை நீட்டினால் மட்டும் கை பின்னால் போய்விடும். "தப்பா நெனச்சுக்காதம்மா, அந்தக் கட்சிக்குன்னு சொல்லியாச்சு." எடுத்தவர்கள் சொற்பம். எடுத்தவர்களும் முகம் கழுவி, விபூதி பூசி, மணையில் உட்காரப்போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். நம் ஆட்களே நமக்குக் கை கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று நான் ஆத்திரப்பட்டேன். ஊரோடு ஒத்து ஓடுகிற ஆட்டுமந்தைகள் என்றுகூட ஒரு வீட்டு வாசலில் சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்தல் நடந்தது. வீட்டுக்காரர் விடியும் முன்பே போய் வரிசையில் முதலாவதாக நின்று போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாயங்காலம் எண்ணினார்கள். பெரிய கட்சி அள்ளிக்கொண்டு போனது. அழகாகத்தான் ஜெயித்தது, தெருவெல்லாம் சிரிப்பாக இருந்தது. எங்கள் பால் டின் நிறைய, கழுத்துவரை பாக்கு. ஸயாமாவுக்கு வந்த ஓட்டோ ஒரு கைப்பிடிப் பாக்கு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு ஸயாமா வீட்டுக்குப் போனேன். "இத்தனை பேர் வார்த்தை தவறிட்டாங்க ஸயாமா. இந்த ஊர்ல நாக்குக்கு மதிப்பே இல்லையா?" என்று டின்னைக் கொட்டினேன். என்ன வார்த்தை என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. "நீ அதையா எண்ணிக்கிட்டிருந்தே? இந்த ஊர்ல வெத்தல கொடுத்தா யார்தான் வேண்டாம்பாங்க? வாயில போட்டு மென்னாங்க, துப்பினாங்க. யாரும் உன்னை ஏமாத்தலம்மா." அவருக்கு அது வந்தவர் மனம் கோணாமல் இருக்கக் கொடுக்கிற உபசாரம். எனக்கு அது சத்தியம். இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தும் இரண்டு பேருக்கும் இது தெரியவில்லை.

தோற்ற எரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "உங்க ஆளும் பர்மாக்காரர்தானே. அவருக்கும் அது வெறும் வெத்தலதான். நீங்கதான் சத்தியம்னு கட்டிக்கிட்டு அழறீங்க."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவருக்கு வெறும் வெத்தலயா இருக்கலாம். வாங்கினது நான்ல."

மறுநாள் முதல் வெற்றிலையை மூலைக் கடையில் வாங்கிப் போட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு நான் மடித்துக் கொடுத்தால், "வேணாம், கடையில போட்டுக்கறேன்" என்பார். சண்டை இல்லை, முகம் திருப்பல் இல்லை. ஆனால் என் கையிலிருந்து வெற்றிலை வாங்குவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அந்தக் கைப்பிடி ஓட்டை உட்கார்ந்து யோசித்தேன். வெற்றிலை எடுத்த தமிழர் வீடுகளில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால், ஸயாமாவுக்கு வந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். எடுத்தவர்கள் ஒருவர்கூட மாறவில்லை. எடுக்காதவர்களும் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஆட்டுமந்தை என்று திட்டின வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் டீ கொடுத்தார்கள்.

ஜெயித்த கட்சியிடம் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்காரர் பல மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கட்சி தோற்றிருந்தால் நான் கேலி செய்திருப்பேன். ஜெயித்து இப்படி ஆனவரை என்ன சொல்ல? அவருக்காக என் மனசு உண்மையிலேயே நொந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் வானொலியில் அமெரிக்கத் தேர்தல் செய்தி. கட்சியே இல்லாத ஒரு பணக்காரர் தனியாக நின்று நிறைய ஓட்டு வாங்கியும் தோற்றுப்போனார் என்றார்கள். வீட்டுக்காரருக்கு நீண்ட நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

"பாத்தியா, அமெரிக்காவுலயே தனிமரம் தோப்பாகல."

"ஆகல. ஆனா அங்க அவரைக் கேலி பண்ணினவங்க பொண்டாட்டிக்கும் ஓட்டு இருந்துச்சு" என்றேன்.

அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்த வாரம் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என் மனுவைத் தூக்கிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்கு நடந்தார். தோற்ற பிறகும் ஸயாமா மேசையை எடுக்கவில்லை. அவர் எழுதுவார், இவர் கொண்டுபோய்க் கொடுப்பார், அங்கே ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள், மறுபடியும் ஸயாமா எழுதுவார். கட்சிக்காரரும் கட்சி இல்லாதவரும் ஒரே கோப்பைத் தூக்கிக்கொண்டு பல வருடம் அலைந்தார்கள். அட்டை வந்த அன்று மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, எனக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. பச்சை நிற அட்டை, மனுப் போட்டுக் குடியுரிமை வாங்கினவர்களுக்குக் கொடுப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் மறுபடியும் தேர்தல் வந்தது. இந்தத் தடவை வீட்டுக்காரரின் கட்சி போட்டியிடவில்லை. விதிகள் நியாயமில்லை, நாங்கள் நிற்க மாட்டோம் என்றது. அதை நம்புகிறவர்களும் ஓட்டுப் போடப் போவதில்லை என்று இருந்தார்கள். ஸயாமா அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் தனியாக நின்றார். சீப்புக் கேட்டாராம், கிடைக்கவில்லையாம். அதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது.

ஒரு காலையில் ஸயாமா எங்கள் வீட்டுப் படியேறி வந்தார், கையில் தட்டு. "இந்தத் தடவை தமிழர் வீட்டுக்கு மட்டும்தான் வெத்தல. மத்தவங்களுக்கு வாய்ப்பேச்சு" என்றார். மனுஷி இருபது வருடம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். நான் கைகழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் எடுத்தேன். ஓட்டு உள்ளவளாக நான் எடுத்த முதல் வெற்றிலை அது. தட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்று கும்பிட்டார். எடுக்கவில்லை. ஸயாமாவும் பதிலுக்குக் கும்பிட்டார். எனக்கு இந்த முறை கோபம் வரவில்லை.

தேர்தல் அன்று கிளம்பும்போது பார்த்தால் அவர் சட்டை போட்டுக்கொண்டு, குடையோடு வாசலில் நிற்கிறார்.

"எங்க வர்றீங்க? உங்க ஆளுங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நடம்மா, வெயில் ஏறுது."

வழியில் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓட்டுச் சாவடி பள்ளிக்கூடத்தில். எதிர்த்தாற்போல் டீக்கடை. அங்கே அவருடைய பழைய கட்சித் தோழர்கள் நாலு பேர், ஓட்டுப் போடாமல் இருப்பதைக் கடமையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருத் தமிழர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, கடைசியில கட்சி மாறிட்டீங்களா?"

இவர் நின்று, குடையை மடக்கினார்.

"என் ஓட்டு வீட்டுலதான் இருக்கு. இது இவ ஓட்டு. தொண்ணூறுல வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, இவளைக் கேக்காம நானே போட்டுட்டேன். அதான் இன்னிக்குத் துணைக்கு வந்தேன்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

உள்ளே போனேன். பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் சீட்டைக் கொடுத்தாள். ஸயாமாவின் பெயருக்கு நேரே குறியிட்டேன், கோடு கொஞ்சம் கோணல். ஸயாமா அந்த முறையும் ஜெயிக்கவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாங்கியது ஒரு கைப்பிடியைவிட அதிகம், அதில் ஒன்று என்னுடையது.

வெளியே வந்ததும் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். மறுபடியும் குடையை விரித்தார், நடந்தோம். என் இடுப்பில் வெற்றிலைப் பொட்டலம் இருப்பது அவருக்குத் தெரியும். மூலைக் கடை வந்தது. வழக்கமாக நிற்கிற இடம். நிற்கவில்லை. கையை என் பக்கம் நீட்டினார். 

"குடு."

"என் கையில வாங்கினா வார்த்தை குடுத்த மாதிரி. தெரியும்ல?"

"தெரியும். எங்க கட்சி ஒருநாள் திரும்ப நிக்கும். அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், நீ உன் ஆளுக்குப் போடு, நான் என் ஆளுக்குப் போடறேன். அதுக்குத்தான் கேக்கறேன்."

நடுத்தெருவில் நின்று காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கொடுத்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு கொடுக்கிறேன். இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார்.

"சுண்ணாம்பு கம்மி" என்றார்.